மாடிப்படிக்குக் கீழே இடைவேளை

எங்கள் வீட்டில் சினிமாவுக்குப் போவது என்றால், இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய், ஆளுக்கொரு படம் பார்த்துவிட்டு, ஒரே வண்டியில் திரும்பி வருவது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்களுக்கென்ன. நாங்கள் போகிற தியேட்டரில் ஒரே காம்பவுண்டுக்குள் பெரிய ஹால் ஒன்று, சின்ன ஹால் ஒன்று. பெரிய ஹாலில் குடும்பப் படம் ஓடும். சின்ன ஹாலில் பெரும்பாலும் பேய் ஓடும். மூலக்குளத்திலிருந்து மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புவோம். வண்டியை நிறுத்தியதும் என் வீட்டுக்காரர் பெரிய ஹாலுக்குப் போவார், நான் சின்ன ஹாலுக்குப் போவேன்.

எனக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். பழிவாங்கும் பேய், பாவப்பட்ட பேய், குழந்தைப் பேய், எதுவாக இருந்தாலும் சரி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நன்றாக நாலு அலறல் அலறிவிட்டு வெளியே வந்தால் அந்த வாரம் முழுக்கத் தைத்த அலுப்பு போய்விடும். நான் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். கை உயரம் சரியில்லை, கழுத்து இறக்கம் போதவில்லை என்று வருகிறவர்களிடம் அலற முடியுமா? அதையெல்லாம் சேர்த்து வைத்து அங்கே போய் அலறுவேன்.

அவருக்குப் பேய் என்ற பேச்சே ஆகாது. ஆள் நல்ல உயரம், மில்லில் தறி ஓட்டிய கை. ஆனால் திரையில் ஒரு கதவு தானாகத் திறந்தால் போதும், "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்துவிடுவார். போனால் திரும்பி வர மாட்டார். கல்யாணமான புதிதில் இப்படி என்னைப் பேயோடு தனியாக விட்டுவிட்டு வெளியே நின்று வேர்க்கடலை தின்றவர் அவர். அப்புறம்தான் நான் சொன்னேன், "நீங்க உங்க அழுவாச்சிப் படத்துக்கே போங்க சாமி." அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

இரண்டு ஹாலுக்கும் நடுவில் பால்கனிக்குப் போகிற மாடிப்படி இருக்கிறது. அதன் கீழே காபிக் கடை. இடைவேளை இரண்டு படத்துக்கும் ஒரே நேரத்தில் வராது. முதலில் வருகிறவர் இரண்டு காபி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார், நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவேன். உடனே கதை மாற்றிக்கொள்வோம். அவர் வசனப் பைத்தியம். அம்மா மகனிடம் என்ன சொன்னாள், மகன் என்ன பதில் சொன்னான் என்று குரல் மாற்றிச் சொல்வார். காபிக் கடைக்காரரே டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். உள்ளே பார்த்த படத்தைவிட அந்த மாடிப்படிக்குக் கீழே கேட்ட படம்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் ஒரு படத்தின் கதையைச் சொன்னார். தங்கச்சி கல்யாணத்துக்காகத் தன் பங்கு நிலத்தை விற்ற அண்ணன், அந்தக் கல்யாணத்துக்கே யாரோ போல வந்து பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறானாம். தங்கச்சி டம்ளரை நீட்டுகிறாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆற விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்திலிருந்து எங்கள் மகள் வந்திருந்தாள். அவளும் அதே படத்தைப் பார்த்திருந்தாள்.

"அந்தத் தண்ணி ஊத்துற சீனு இருக்கே, கேட்டதுக்கே எனக்கு அழுவ வந்துடுச்சுடி" என்றேன்.

"எந்த சீனு? அந்தப் படத்துல அண்ணனே கெடையாதும்மா" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வாசல் பக்கம் முகத்தை வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னாங்க" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. மகள் எழுந்து போய்த் தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, மாட்டிக்கொண்டது தெரிந்ததும் சிரித்தார்.

"பாதி பாதிதான் கேக்குது. மீதிய நானே போட்டுக்கறேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எத்தனை படத்தை இந்த மனுஷன் இப்படி இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறார்! நானும் ஈ என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேனே! அப்புறம், அந்தக் கதையெல்லாம் நன்றாகத்தானே இருந்தது என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, தறிச் சத்தத்தில் போன காது, இனிமேல் குறையத்தான் செய்யும் என்றார். காது மிஷின் வாங்கி மாட்டினோம். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கொஞ்சம் உதவுகிறது. தியேட்டரில் அதை மாட்டினால் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து மண்டைக்குள் இரைகிறதாம். "மறுபடி மில்லுக்குள்ள போயி நின்ன மாதிரி இருக்கு" என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். குரல் இல்லாமல் அம்மா அழுதால் யாருக்காக அழுகிறாள் என்று தெரியவில்லை என்றார். கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன். இடைவேளையில் வெளியே வந்து, பழக்க தோஷத்தில் இரண்டு காபி வாங்கிவிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் படியைப் பார்த்தேன். இரண்டையும் நானே குடித்துவிட்டு, மீதிப் படம் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அவர் மறுபடி என்னோடு தியேட்டருக்கு வர வேண்டும். அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

சும்மா இருக்கிற ஆளா நான்? கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் அவ்வப்போது வெளிநாட்டுப் படம் போடுவார்கள் என்று மகள் சொன்னாள். படத்துக்குக் கீழே வசனம் எழுத்தாக ஓடுமாம், பிரெஞ்சில். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்தானே எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச வருஷம் பிரெஞ்சு படித்தவர். அர்த்தம் பாதி மறந்திருந்தாலும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார். காதுக்குப் பதில் கண் இருக்கிறதே என்று நினைத்து, பெரிய புத்திசாலி மாதிரி கூட்டிக்கொண்டு போனேன்.

விளக்கை அணைத்தார்கள். படம் ஆரம்பித்தது, எழுத்து ஓடியது. இவர் வாசிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு. பள்ளிக்கூடத்தில் எப்படி வாசித்தாரோ அப்படி, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி. தன் குரல் தனக்கே கேட்காத மனுஷனுக்கு எப்படித் தெரியும்? நான் முழங்கையால் இடித்தேன். வசனம் புரியாமல் இடிக்கிறேன் என்று நினைத்து எனக்காக இன்னும் நிறுத்தி, இன்னும் தெளிவாக வாசித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா திரும்பினார். திட்டப் போகிறார் என்று பார்த்தால், "முசியே, அந்தக் கடைசி எழுத்த முழுங்கணும், சொல்லக் கூடாது" என்று திருத்தினார். ஹாலே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான், அடக்க முடியவில்லை. அத்தனை முகமும் தன் பக்கம் திரும்பிச் சிரிப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து வெகு நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இனிமே என்ன எங்கியும் கூப்டாத" என்றார். அதையும் சத்தமாகத்தான் சொன்னார். சுண்டல் விற்கிறவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் சிரித்தேனே என்று என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அதற்கப்புறம் நானும் சினிமாப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாள் மதியம் முன்னறையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிக்கொண்டே டிவியில் பேய்ப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிண்ணத்தில் பொரி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். படம் என்னவென்று பார்த்ததும் எழுந்து ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்த சமயம். நீளமான வராந்தாவில் வெள்ளை உடையில் ஒருத்தி வருகிறாள். எனக்கு முதுகெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. இவர் பொரி மெல்லுவதை நிறுத்திவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா இத்தினி வருஷமா அலறின?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோபத்தில் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால், அடக் கடவுளே! முகத்தில் மாவு பூசிய ஒரு பெண். அவள் நைட்டியின் விளிம்பு நாலு விரல் கூடுதல் நீளம். தடுக்கி விழாமல் இருக்க ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் தட்டு எடுத்துக்கொண்டு போகிறவள் மாதிரி ஜாக்கிரதையாக நடக்கிறாள். இவளுக்கா நான் பயந்தேன்? சத்தத்தை வைத்தேன், முதுகு சில்லிட்டது. நிறுத்தினேன், விளிம்பு தெரிந்தது. என்னைப் பயமுறுத்தியது அவள் இல்லை, அந்த 'உய்ய்' என்கிற சத்தம்தான் என்பது இத்தனை வயசுக்கு மேல் எனக்குத் தெரிய வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு டிவி மதிய நேரத்தில் ஊமையாக ஓட ஆரம்பித்தது. நான் வேண்டுமென்றால் சத்தம் வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் வைப்பதில்லை, அவர் பார்க்கிற படத்தைத்தான் நானும் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். காமெடிப் படம் சத்தமில்லாமல் செத்துவிடும். நாலு பேர் வாயசைத்துக் கையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள், ரேஷன் கடையில் சண்டை நடக்கிற மாதிரி. அடிதடிப் படத்தில் அடிக்கிறவன் கை அடி வாங்குகிறவன் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே போவது தெரியும். காதல் படத்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை, அதற்குச் சத்தம் எதற்கு? அவருடைய அழுகைப் படங்கள்தான் பாவம். ஒரு மதியம் முழுக்கப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "அம்மாக்காரி அழுவுறதுக்கு நான் அழுவல. வயலினுக்கு அழுது இருக்கேன். இத்தினி வருஷமா ஏமாத்திட்டானுங்க."

பேய்ப் படத்தில்தான் அவருக்குப் புத்தி கூர்மையாக வேலை செய்தது. பயம் இல்லாததால் எடுத்திருக்கிற விதத்தைப் பார்க்கிறார். "அந்தக் கதவ ரெண்டு வாட்டி காமிச்சிட்டான். மூணாவது வாட்டி தொறக்கும் பாரு" என்பார். திறக்கும். "அந்தப் பொண்ணு தலைக்குப் பக்கத்துல எவ்ளோ எடம் காலியா வுட்டு இருக்கான். சும்மா வுடுவானா? அந்த எடத்துக்கு ஏதோ வரப் போவுது" என்பார். வரும். நான் தையல்காரி, ஒரு துண்டையும் இன்னொரு துண்டையும் நூல் தெரியாமல் சேர்ப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஒரு காட்சியை எங்கே வெட்டி அடுத்ததோடு சேர்த்திருக்கிறார்கள் என்று நானும் தேட ஆரம்பித்தேன். நல்ல படத்தில் கண்டுபிடிக்க முடியாது, நல்ல ஜாக்கெட் மாதிரிதான்.

பிரெஞ்சுத் தெருக்கள் பக்கம் எப்போதும் ஏதாவது ஷூட்டிங் நடக்கும். வழியை மறித்துவிடுவார்கள், நான் திட்டிக்கொண்டே சுற்றிப் போவேன். இப்போது அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுகிறார். காய்ந்த தெருவில் லாரித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "ஈரத் தரையில வெளக்கு ரெண்டா தெரியும். அதான்" என்றார். போலீஸ்காரர் விரட்டுகிற வரை நின்று பார்த்துவிட்டு வந்தோம். கோபித்துக்கொண்டு கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்த ஆளா இவர் என்று இருந்தது.

இதுதான் சமயம் என்று நான் கேட்டுவிட்டேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்து, உதடு தெரிகிற மாதிரி நிதானமாக, "சின்ன ஹாலுக்கு என்கூட வரீங்களா?" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கிவிட்டது. "நான் கத்திடுவேன். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"கத்தினா முட்டிய அமுத்தறேன். நீங்க உடனே வாய மூடிக்கணும்."

யோசித்தார். "சரி. பேய் வரதுக்கு முன்னாடி நான் உன் கைய அமுத்தறேன்" என்றார்.

போனோம். கல்யாணமான புதிதில் ஓடிப்போனவர் இத்தனை வருஷம் கழித்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பெரிய சத்தம் வந்தால் சீட்டு அதிர்வது மட்டும் தெரியும் என்றார். சொன்னபடியே ஒவ்வொரு தடவையும் பேய் வருவதற்கு முன்னால் என் கையை அமுக்கினார். அவ்வளவு சரியாக அமுக்கினால் நான் எப்படி அலறுவது? முன்னால் பின்னால் எல்லாரும் அலறுகிறார்கள், நான் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே இரண்டு காபியை வாங்கிக்கொண்டு நின்றோம். கடைக்காரர் சிரித்தார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பேச ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் ஒரே படத்தையல்லவா பார்த்திருக்கிறோம்! பெண் பார்க்க வந்த இடம் மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது. கடைசியில் நான்தான் சண்டை பிடித்தேன். "கைய அமுத்தாதீங்க. நான் பயப்படத்தான் வந்திருக்கேன்" என்று வாயசைத்துச் சொன்னேன். "நல்லதுக்கே காலம் இல்ல" என்று அவர் முறைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் காபி அவ்வளவு ருசியாக இருந்தது.

இரண்டாவது பாதியில் கரண்ட் போன வீட்டுக்குள் ஒரு தாய் தன் குழந்தையைத் தேடுகிறாள். அறை அறையாகப் போகிறாள். இசை ஏறிக்கொண்டே போகிறது, சீட்டெல்லாம் அதிர்கிறது. நான் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அப்போது சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. இசை இல்லை, காற்று இல்லை, அவள் காலடி இல்லை. வாயைத் திறந்து குழந்தையைக் கூப்பிடுகிறாள், குரல் வரவில்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை, வேண்டுமென்றே எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை.

அந்த அமைதியில் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது, கடைசி வரிசை வரைக்கும்.

"இன்னாச்சு? சீட்டு அதிர்றது நின்னுடுச்சே?"

முட்டியை அமுக்கியிருக்க வேண்டும். அமுக்கவில்லை. யாரும் திரும்பவில்லை, யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் திரையிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் உள்ளங்கையைப் பிரித்து, விரலால் எழுதினேன்: படம் யாருக்கும் கேக்கல.

புரியாமல் என்னைப் பார்த்தார். மறுபடி எழுதினேன். அவர் மெதுவாகத் திரும்பி ஹாலைப் பார்த்தார். திரை வெளிச்சத்தில் வரிசை வரிசையாக முகங்கள். பாப்கார்ன் எடுத்த கை பாதியில் நிற்கிறது. கையில் குழந்தை வைத்திருக்கிறவள், காலேஜ் பையன்கள், போலீஸ் முடி வெட்டிய ஒருத்தர், எல்லாரும் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். இவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திரைக்குத் திரும்பினார். தாய் ஒரு கதவில் கை வைத்தாள். என் கையை அவர் கை பிடித்தது. அது முன்னே அமுக்கிய மாதிரி இல்லை. வியர்த்திருந்தது. என் வீட்டுக்காரர் பயந்துகொண்டிருந்தார். எனக்குத் திரையே தெரியாமல் கண் நிறைந்துவிட்டது.

பேய் வந்தது, சத்தம் திரும்ப வந்தது, ஹாலே அலறியது. நான் அலற மறந்துபோனேன். அவர் அலறினார். எழுந்து பாத்ரூம் போகவில்லை.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டாமலே நின்றார்.

"அந்த எடத்துல எல்லாரும் எம் மாதிரிதானே பாத்தாங்க?" என்றார். அக்கம்பக்கத்தில் வண்டி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று அவர் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினேன்.

துள்ளிவிட்டார். "எங்க? இன்னா வருது?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதிர்ச் சுவரைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை வரப்போகிற இரண்டு படங்களின் போஸ்டர் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பெரிய ஹாலுக்கு ஒரு அம்மா, மகன். சின்ன ஹாலுக்கு ஒரு பழைய வீடு, மாடி ஜன்னலில் ஒரு கை. அவர் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாரோ என்னவோ. அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"சின்ன ஹாலுக்கே ரெண்டு டிக்கெட்டு எடு" என்றார்.